தோளைப் பார்த்து வாங்குங்கள்: கோட்-சூட் கேள்வி பதில்

மகனுக்கு எம்.பி.ஏ. முடிகிறது, நேர்காணல்கள் வரப்போகின்றன. கோட்-சூட்டுக்கு 12,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். ரெடிமேட் எடுப்பதா, துணி எடுத்துத் தைப்பதா?
– மதுரை வாசகி

மூன்று வாரமாவது கையில் இருந்து, கோட் வெட்டிப் பழகிய மாஸ்டரும் பக்கத்தில் இருந்தால் தையல். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ரெடிமேட்தான். சட்டையும் பேன்ட்டும் அருமையாகத் தைக்கிறவர் கோட்டும் அப்படியே தைப்பார் என்று நம்பிவிடாதீர்கள். அது தனி வேலை. "உள்ளே கேன்வாஸ் போடுவீர்களா, ஃப்யூசிங் ஒட்டுவீர்களா? எத்தனை டிரையல்?" என்று கேளுங்கள். கோட்டுக்கு வடிவம் கொடுக்க உள்ளே தைத்து வைக்கும் துணி கேன்வாஸ்; பசையால் ஒட்டுவது ஃப்யூசிங். டிரையலே கிடையாது, நேராக டெலிவரிதான் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

58 அங்குல அகலத் துணியில் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்து 3 முதல் 3.25 மீட்டர் வேண்டும். பையன் ஆறடிக்கு மேல் என்றாலோ, கட்டம் போட்ட துணி என்றாலோ கால் மீட்டர் கூடுதல். கட்டங்களைத் தையலில் பொருத்த அது தேவை. மீட்டர் 1,500 ரூபாய் என்று வைத்தால் 3.25 மீட்டருக்கு 4,875 ஆகும். மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம் தையலுக்கும் லைனிங்குக்கும்.

ரெடிமேட் என்றால் முதலில் தோள். கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரில் பக்கவாட்டாகச் சாயச் சொல்லுங்கள். கையின் மேற்பகுதி படுவதற்கு முன் கோட்டின் தோள் பஞ்சு சுவரில் முட்டினால் அளவு பெரிது. அடுத்து, பின்கழுத்தில் கோட் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியில்லாத கோட்டை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஆல்ட்ரேஷனில் அவற்றைச் சரிசெய்ய ஏறக்குறைய முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டும். இடுப்பில் ஒன்று, ஒன்றரை அங்குலம் பிடிப்பது எளிது. கை நீளத்தைக் குறைப்பதும் எளிதுதான், ஒரு நிபந்தனையோடு: கை நுனியில் இருப்பவை அலங்காரப் பட்டன்களாக இருக்க வேண்டும். காஜா வெட்டி உண்மையாகவே திறக்கிற பட்டன் என்றால் தோள் பக்கம் பிரித்துத்தான் குறைக்க முடியும். செலவு பல மடங்கு. கையைத் தொங்கவிட்டால் சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிவது சரியான நீளம். கோட்டின் மொத்த நீளத்தில் கைவைக்கவே வேண்டாம்; பாக்கெட்டுகள் கீழே இறங்கியதுபோல் ஆகிவிடும்.

துணிக் கடையில் "சூப்பர் 120" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். என்ன அது?
– ஈரோடு வாசகர்

கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதன் கணக்கு. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகாது. சூப்பர் 120 என்றால் 17.75. எண் ஏற ஏற துணி வழவழப்பாகும். சுருக்கமும் தேய்மானமும் கூடும். வாரம் இரண்டு நாள் போட்டு, பைக்கிலும் காரிலும் உட்கார்ந்து எழுகிறவருக்கு 100, 110 போதும். 120-க்கு மேல் கொடுக்கிற பணம் தொட்டுப் பார்க்கும் சுகத்துக்கு மட்டுமே.

எண்ணைவிட முக்கியம், கம்பளி எத்தனை சதவீதம் என்பது. ரேமண்ட், அமிர்தசரஸின் ஓ.சி.எம். போன்ற மில் துணிகளில் கரையிலோ சீட்டிலோ பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள், படியுங்கள். சந்தேகம் என்றால் நாலைந்து நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடை அடித்து, தானே அணைந்து, விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த டெரிவுல் இரண்டு குணத்தையும் காட்டும். நடுத்தர பட்ஜெட்டுக்கு நல்ல டெரிவுல் கௌரவமான தேர்வுதான். நம் வெயிலுக்கு சதுர மீட்டருக்கு 220 முதல் 260 கிராம் எடை பார்த்து எடுங்கள். அதற்குக் கீழே போனால் பேன்ட் தொங்கி விழாமல் காலைச் சுற்றும்.

இரண்டு முறை டிரை கிளீனிங் போட்டதும் கோட்டின் மார்புப் பகுதியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. சரிசெய்யலாமா?
– திருச்சி வாசகர்

முழுதாக முடியாது. நீராவியில் அழுத்தினால் ஒன்றிரண்டு தடவைக்கு அடங்கும், பிறகு எழும்பும். உங்கள் கோட்டில் மேல்துணிக்குப் பின்னால் பசை பூசிய துணியைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். இதுதான் ஃப்யூசிங். மட்டமான பசையோ, ஒட்டும்போது போதாத சூடோ இருந்தால் கிளீனிங் திரவத்திலும் சூட்டிலும் அங்கங்கே விடும். மேல்துணி ஒரு அளவும் ஒட்டிய துணி ஒரு அளவும் சுருங்கினாலும் இதே கதி. வீட்டு இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்துத் தேய்த்தாலும் வரும். கூடவே பளபளப்பும் ஏறும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் ஈரமான பருத்தித் துணி விரித்து அதன்மேல் தேயுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது மார்பில் பட்டன் பக்கம் மேல்துணியையும் உள்துணியையும் தனித்தனியே விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் ஒட்டாமல் நழுவினால் கேன்வாஸ். அது மார்பில் இருந்து, கீழ் நுனியில் இல்லையென்றால் பாதிக் கேன்வாஸ். நடுத்தர விலையில் தேட வேண்டியது இதைத்தான். வருஷத்துக்கு நாலு கல்யாணத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு நல்ல ஃப்யூசிங்கே தாங்கும்.

முதல் சூட் கறுப்பில் எடுக்கலாமா?
– நாகர்கோவில் வாசகர்

வேண்டாம். கறுப்பு ராத்திரி விருந்துக்கும் ரிசப்ஷனுக்கும் பொருந்தும். பகலில் வெள்ளைச் சட்டையோடு போனால் கோர்ட்டிலிருந்து வருகிறீர்களா என்பார்கள். நேவி ப்ளூ முதலில், அடர் சாம்பல் அடுத்தது.

தொப்பை இருப்பதால் 40 அளவு கோட் சரியாக இருந்தால் பேன்ட் ஏறுவதில்லை. 42 எடுத்தால் தோள் தொங்குகிறது.
– சென்னை வாசகர்

செட்டாக விற்கும் சூட்டில் கோட் 40 என்றால் பேன்ட் பெரும்பாலும் 34-தான் வரும். கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனி அளவில் ஒரே துணியில் விற்கிற கடையைத் தேடுங்கள், அல்லது தையுங்கள். தைக்கும்போது பேன்ட்டின் பின்தையலில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் நன்றி சொல்வீர்கள். கோட்டின் பட்டனைப் போட்டதும் குறுக்கே பெருக்கல் குறிபோல் இழுத்தால் வயிற்றில் இடம் போதவில்லை. இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போட்டுப் பாருங்கள். கீழ்ப் பட்டனை எப்போதும் திறந்தே விடுவதுதான் வழக்கம்.

சென்னைப் புழுக்கத்துக்கு இன்னொன்று: முதுகில் பாதிவரை மட்டும் லைனிங் கேளுங்கள். பாலியெஸ்டர் லைனிங் வியர்வையை அடைத்து வைக்கும், விஸ்கோஸ் பரவாயில்லை.

புதுக் கோட்டின் பைகள் தைத்து மூடியிருக்கின்றன. பிரிக்கலாமா?
– சேலம் வாசகர்

தாராளமாக. கடையில் தொங்கும்போது வடிவம் கெடாமலிருக்கப் போட்ட தையல் அது. கோட்டின் பின்பிளவில் பெருக்கல் குறிபோல் இருக்கும் நூலையும், கையில் வெளியே தைத்த கம்பெனிப் பட்டையையும் கட்டாயம் பிரியுங்கள். நிறையப் பேர் அப்படியே போட்டுக்கொண்டு நேர்காணலுக்கே போகிறார்கள். பிளேடு வேண்டாம், சின்னக் கத்தரி நுனியால் நூலை மட்டும் வெட்டி இழுங்கள். சில கோட்டுகளில் பை நிஜமாகவே இருக்காது, மூடி மட்டும்தான். உள்ளே பையின் துணி விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகு கத்தரியை எடுங்கள்.