வரியைக் குறைத்தால் மட்டும் அண்டை நாடுகளுக்குள் வியாபாரம் பெருகிவிடுமா?

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் ஏன் இவ்வளவு குறைவாக வியாபாரம் செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைக்கப் போட்டுக்கொண்ட சாஃப்டா ஒப்பந்தம் 2006-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இந்த நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளில் இது 20 சதவீதத்துக்கும் மேல். வரி ஒரு காரணம், மறுக்கவில்லை. ஒவ்வொரு நாடும் 'இதற்கெல்லாம் சலுகை கிடையாது' என்று ஒரு நீளமான பட்டியல் வைத்திருக்கிறது, பக்கத்து நாடு நன்றாக விற்கக்கூடிய பொருட்கள் பலவும் அதில்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தடை எல்லைக் கேட்டில் இருக்கிறது.

இந்தியாவும் வங்கதேசமும் தொட்டுக்கொள்ளும் பெட்ராபோல்–பேனாபோல் எல்லையைப் பாருங்கள். அதைக் கடக்க 138 மணி நேரம் ஆகிறது என்று உலக வங்கி 2021-ல் கணக்குச் சொன்னது. அதில் 28 மணி நேரம் சரக்கை மாற்றி ஏற்றுவதற்கே போய்விடுகிறது, ஏனென்றால் இந்திய லாரி நேராக டாக்கா போக முடியாது, பேனாபோலில் மூட்டை மூட்டையாக இறக்கி அந்த ஊர் லாரியில் ஏற்ற வேண்டும். இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் 6 மணி நேரம்கூட ஆவதில்லை. அவர்களும் வளரும் நாடுகள்தானே? அங்கே இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். இங்கே, இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் ஆகிய நான்கு நாட்டு வாகனங்கள் தாராளமாகப் போய்வர 2015-ல் திம்புவில் கையெழுத்துப் போட்டும் இறக்கி ஏற்றும் வேலை ஓயவில்லை.

எல்லாரும் ஒரே மாதிரிப் பொருளைத்தான் செய்கிறோம், என்னத்தை விற்பது என்பார்கள். இந்தியப் பருத்தியும் நூலும் போய் வங்கதேசத்தில் சட்டையாகிறது, இதைவிடப் பொருத்தமான கூட்டு வேறு எது? அதையும் 2025-ல் கெடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக நூல் வருவதை நிறுத்தியது, மே மாதம் இந்தியா வங்கதேச ஆயத்த ஆடைகளை கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் விடுவோம் என்று உடனடியாக அமலாக்கியது. அரசியல் கோபம் இருக்கலாம், அதற்காக ஆர்டர் எடுத்துத் தைத்து முடித்தவர் என்ன செய்வார்?

அதனால் புது ஒப்பந்தம் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் தடையானாலும் அறிவித்து 90 நாள் கழித்துத்தான் அமலுக்கு வர வேண்டும், ஏற்கெனவே கிளம்பிய சரக்கைத் தொடக்கூடாது என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.