வெள்ளையாகக் காயும் படலத்தில் பச்சை எப்படி வரும்?

கேள்வி: 220 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) துகள்கள் நீரில் மிதக்கும் 10% கூழ்மத்தைக் கண்ணாடி ஸ்லைடில் சொட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் காயவைக்கிறேன். சாயமில்லாமல், துகள்களின் ஒழுங்கான அடுக்காலேயே வரவேண்டிய பச்சைக்குப் பதில் பால் வெள்ளையும் விரிசலுமே வருகின்றன. ஏன்?

பதில்: துகளின் அளவு சரிதான். நெருங்கி அடுக்கிய பாலிஸ்டைரீன் உருண்டைகளை நேராகப் பார்த்தால், விட்டத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு அலைநீளமுள்ள ஒளி திரும்பி வரும். 220-க்கு 525 நானோமீட்டர், அதாவது பச்சை. 190 நீலம் தரும், 270 சிவப்பு.

படலத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்லைடின் பின்பக்கம் கறுப்புப் பெயின்ட் பூசி, ஒற்றை விளக்கின் அடியில் சாய்த்துப் பாருங்கள். பச்சை தெரிந்து, சாய்க்கச் சாய்க்க நீலத்தை நோக்கி நகர்ந்தால் அடுக்கு அமைந்துவிட்டது என்று பொருள். அடுக்கின் குறைகளில் பட்டுச் சிதறும் பல நிற ஒளிதான் அதை வெளிறச் செய்கிறது. நீரில் பிரிந்து நிற்கும் கார்பன் பிளாக்கை (நுண்ணிய கரித்தூள்) துகள் எடையில் 0.1% கலந்தால் அந்த ஒளி உறிஞ்சப்படும். கூடினால் பச்சையும் மங்கும். துகளும் கார்பனும் ஒரே மின்னேற்றம் கொண்டிருப்பது முக்கியம், இல்லாவிட்டால் இரண்டும் திரிந்து கட்டியாகும்.

கறுப்புப் பின்னணியிலும் நிறமில்லையா? அடுக்கே உருவாகவில்லை. துகள் அளவில் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கலாம். மிஞ்சிய உப்பு, துகள்களின் விலக்குவிசையைக் குறைத்து அவற்றை ஒட்டவைத்திருக்கலாம். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகள்களை அடியில் இறக்கி, டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை கழுவுங்கள்.

சொட்டுவிடும் முறையையும் கைவிடுங்கள். சொட்டின் விளிம்பு முதலில் காய்வதால் துகள்கள் அங்கே இழுபட்டு வளையமாகக் குவியும். பதிலாக, 0.4 மில்லி கூழ்மத்தை 20 மில்லி நீரில் கலந்து, கழுவிய ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தி, 55 டிகிரி சூடுள்ள அவனில் (oven) ஓரிரு நாள் அசைக்காமல் விடுங்கள். காற்றோட்டமும் அதிர்வும் ஆகாது. அவை இருந்தால் படலத்தில் பட்டை பட்டையாக விழும்.

விரிசலுக்குக் காரணம் சுருக்கம். காயும்போது துகள்கள் ஒன்றையொன்று நெருங்க, அடிப்பகுதி மட்டும் கண்ணாடியைப் பிடித்து நிற்கும். படலம் மெலிந்தால் விரிசல் குறையும். செறிவைப் பாதியாக்கிப் பாருங்கள். அறவே கூடாதென்றால், 2010-இல் ஐசன்பெர்க் குழுவினர் ஹார்வர்டில் வெளியிட்ட வழி உண்டு: சிலிக்காவைத் தரும் சேர்மமான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டை நீராற்பகுத்து, கூழ்மத்திலேயே கலந்து படியவைத்து, பிறகு 500 டிகிரியில் பாலிமரை எரித்துவிடுவது. எஞ்சும் சிலிக்காச் சட்டகத்தில் காற்றே அதிகம் என்பதால் 220 போதாது. பச்சைக்கு 300 நானோமீட்டரை ஒட்டிய துகள் வாங்குங்கள்.