பீரியட்ஸ் தேதி எங்கே முடிவாகிறது?

"மாதவிடாய்ச் சுழற்சியை ஹார்மோன்கள் எப்படி நடத்துகின்றன? எனக்கு மட்டும் ஏன் ஒரு மாதம் சரியாகவும் அடுத்த மாதம் பத்து நாள் தள்ளியும் வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. பரீட்சை, வேலை மாற்றம் என்று ஏதாவது வந்தால் எனக்கும் தேதி நழுவிவிடும். ரத்தப்போக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரிவதால் கோளாறையும் அங்கேயே தேடுகிறோம். பெரும்பாலும் விஷயம் அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்கும்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கிறது. இடைவிடாமல் சுரந்தால் வேலை நடக்காது, அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அடங்கிப்போகும். இந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எஃப்எஸ்எச் சினைப்பையில் முட்டை இருக்கும் சில நுண்பைகளை வளர்க்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கும், மற்றவை வாடிவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். அதுவரை பிட்யூட்டரியை அடக்கி வைத்திருந்த அதே ஈஸ்ட்ரோஜன், அளவு நன்றாக ஏறி இரண்டு நாள் போல அப்படியே நின்றால், கட்சி மாறி அதைத் தூண்டிவிடுகிறது. எல்எச் ஒரேயடியாகப் பொங்கும். பொங்கத் தொடங்கிய சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். அதையொட்டிய நாட்களில் வெள்ளைப்படுதல் தெளிவாக, விரலில் எடுத்தால் நூல் மாதிரி இழுபடும். அதுவும் ஈஸ்ட்ரோஜன் வேலைதான்.

முட்டை போனபின் மிஞ்சும் நுண்பை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்கும் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுவது இதனால்தான். கரு தங்கினால் அது அனுப்பும் எச்சிஜி என்ற ஹார்மோன் இந்தத் திசுவைக் காப்பாற்றும். இல்லையென்றால் சுமார் 14 நாளில் திசு சுருங்கும், புரோஜெஸ்ட்ரோன் சரியும், கருப்பையின் உட்படலம் உதிரும். அப்போது வரும் வயிற்றுவலி, கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களின் கைவரிசை.

கவனித்தீர்களா, முட்டை வந்தபின் உள்ள பின்பாதி அவ்வளவாக நீள்வதில்லை. நீள்வது முட்டை வரும்வரை உள்ள முன்பாதிதான். மனஉளைச்சல், சாப்பாட்டைக் குறைப்பது, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி எல்லாம் ஜிஎன்ஆர்எச் துடிப்பைத்தான் மந்தமாக்குகின்றன. முட்டை தாமதமாக வந்தால் பீரியட்ஸும் அத்தனை நாள் தாமதம்.

பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். அடிக்கடி அதைத் தாண்டினாலோ மூன்று மாதம் வராமலே போனாலோ மருத்துவரைப் பாருங்கள்; கர்ப்பம், தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம், புரோஜெஸ்ட்ரோன் டெஸ்டை 21ஆம் நாள் எடுக்கச் சொன்னால் உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்பதைச் சொல்லிவிடுங்கள். முட்டை வந்து ஒரு வாரம் கழித்து எடுக்க வேண்டிய டெஸ்ட் இது; 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவர் 21ஆம் நாள் எடுத்தால், அன்றுதான் முட்டையே வந்திருக்கும். ரிப்போர்ட்டில் புரோஜெஸ்ட்ரோன் குறைவாகத்தான் தெரியும். அவருக்கு 28ஆம் நாள்தான் சரி.