ஸ்ஸ் இரைச்சல் போக தனி பிரீஆம்ப் வாங்கணுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பக்திப் பாடல் பாடி லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். எஸ்எம்58 மைக், இரண்டு சேனல் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். கெயினை முழுசாகத் திருகினாலும் குரல் சன்னமாகத்தான் விழுகிறது, கூடவே ஸ்ஸ் என்று இரைச்சல். மகன் மிருதங்கம் வாசித்தால் மட்டும் சுத்தமாக வருகிறது. இருபதாயிரத்துக்குத் தனி பிரீஆம்ப் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கட்டுமா?"

வேண்டாம், இப்போதைக்கு வாங்காதீர்கள். மிருதங்கம் சுத்தமாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதே மைக், அதே இன்டர்ஃபேஸ், ஆக இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இருக்கும் பிரீஆம்பில், அதாவது மைக்கின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் பகுதியில், கோளாறு இல்லை, குரல்தான் மைக்குக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. 94 டெசிபல் சத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட்தான். ஏடி2020 மாதிரி ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் நன்றாகப் பிடிக்கும் வகை) அதே சத்தத்துக்கு 14 மில்லிவோல்ட் தரும்.

முதலில் தூரத்தைக் குறையுங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், ஒரு முழம் தள்ளிப் பாடுகிறவர் நாலு விரல் தூரத்துக்கு வந்தால் சுமார் 15 டெசிபல் காசில்லாமல் கிடைக்கும், எந்தப் பெட்டியும் இதற்கு ஈடாகாது. ப, ம்ப எல்லாம் 'புஸ்' என்று அடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் திருப்புங்கள். கிட்டத்தில் பாடும்போது அடிக்குரல் கனக்கும், அதை மென்பொருளில் லோ கட் (அடி ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கெயினைத் தொடாமல் மைக்கைக் கனமான போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்துக் கொஞ்சம் பதிவு செய்யுங்கள். இரைச்சல் அடங்கினால் அது அறையின் சத்தம், ஃபேன், லேப்டாப், ஆடி மாதமென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை உரசுவது கூடச் சேரும். அடங்காவிட்டால்தான் பிரீஆம்ப்.

அப்போதும் இருபதாயிரம் கொடுத்து எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 150 ஓம் மைக் தானாகவே உண்டாக்கும் இரைச்சல் சுமார் மைனஸ் 131 டிபியு (மின் சிக்னலை அளக்கும் டெசிபல் அலகு, மைனஸில் எண் கூடக் கூட இரைச்சல் குறைவு), அதற்குக் கீழே எந்த பிரீஆம்பாலும் போக முடியாது. நல்ல யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் மைனஸ் 128 வரை வந்துவிட்டன. மிச்சம் 3 டெசிபல்தான்! உங்களுடையது எவ்வளவு என்று அதன் விவரக் குறிப்பில் ஈஐஎன் (பிரீஆம்பின் இரைச்சல் அளவு) என்ற இடத்தில் பாருங்கள், கெயின் எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல், நான்காவதில் 69, மெல்லிய குரலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கிட்ட வந்து பாடியும் கெயின் போதவில்லையென்றால் ஃபெட்ஹெட் மாதிரி, மைக்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுகிற பூஸ்டர் ஒன்று போதும், 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) ஓடி 25 டெசிபலுக்கு மேல் கூட்டித் தரும். கண்டென்சர் மைக்குக்கு இதை மாட்டாதீர்கள், சாதாரண பூஸ்டர்கள் ஃபேன்டம் பவரை மைக் வரை விடாது. நானாக இருந்தால் பூஸ்டரைவிட ஒரு கண்டென்சர் மைக்குக்குத்தான் காசு போடுவேன், உங்கள் குரலுக்கு அதுதான் சரி.

பின்னால் தனி பிரீஆம்ப் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அதை இன்டர்ஃபேஸின் மைக் சாக்கெட்டில் செருகாதீர்கள், பழைய பிரீஆம்ப் வழியாகவே மறுபடி போகும். லைன் இன்புட்டில் கொடுங்கள்.