விளக்கை அணைத்ததும் கை காணாமல் போகிறதா?

கேள்வி: கல்லூரிக் கண்காட்சிக்காக, கையை அசைத்தால் சுவரில் படமும் ஸ்பீக்கரில் இசையும் மாறுகிற அமைப்பு ஒன்று செய்கிறோம். லேப்டாப் வெப்கேமும், படத்தில் கையைக் கண்டறியும் மீடியாபைப் மென்பொருளும்தான். விடுதி அறையில் நன்றாக ஓடியது. அரங்கில் விளக்கை அணைத்ததும் கையை அடிக்கடி தவறவிடுகிறது. கை அசைவை உணரும் லீப் மோஷன் கருவியை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே வாங்கிவிடாதீர்கள். கையில் 21 புள்ளிகளைத் தேடுகிற மீடியாபைப்புக்குத் தெளிவான படம் வேண்டும். இருட்டினால் வெப்கேம் தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, கூட்டிக்கொள்ளும். நொடிக்கு எடுக்கும் ஃபிரேம் குறையும், அசையும் கை வெறும் தீற்றலாகப் பதியும். போதாததற்கு, ப்ரொஜெக்டர் வெளிச்சம் கைமேல் விழுந்தால் அதன் நிறமும் நொடிக்கு நொடி மாறும். சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் மாட்டி, கை வரும் இடத்தில் மட்டும் ஒளி விழச் செய்யுங்கள்; சுவரில் படக்கூடாது. ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்து, அளவை நீங்களே குறைத்து வையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

கும்மிருட்டுதான் வேண்டும் என்றால் லீப் மோஷன் சரி. அது தானே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இரண்டு கேமராக்களால் பார்க்கிறது. 2013-இல் வந்த பழைய மாடலுக்கு எட்டுவது சுமார் 60 செ.மீ.தான், இடுப்புயர ஸ்டாண்டில் மேல்நோக்கி வையுங்கள். ஜன்னல் வெயிலும் ஹாலோஜன் விளக்கும் அதற்கு ஆகாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையின் உயரத்தை அப்படியே சுருதியாக மாற்றாதீர்கள். 1920 வாக்கில் லெவ் தெரமின் உருவாக்கிய, தொடாமலே வாசிக்கும் கருவி, ஆன்டெனாவிலிருந்து கை இருக்கும் தூரத்தை அப்படித்தான் சுருதியாக்குகிறது. அதில் சுருதி சேர்ப்பதற்கே நெடுநாள் பயிற்சி வேண்டும். வருகிறவர்கள் அரை நிமிடம் நிற்பார்கள், அவ்வளவுதான். உயரத்தை மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களாகப் பிரித்துவிட்டால் யார் கையை எப்படி வீசினாலும் காதுக்கு இடறாது.

கை நிலையாக இருந்தாலும் புள்ளிகள் நடுங்கும். அடுத்தடுத்த சில ஃபிரேம்களின் சராசரி எடுத்தால் நடுக்கம் போகும், ஆனால் படம் கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். 2012-இல் வெளியான ஒன் யூரோ ஃபில்டர், மெதுவான அசைவை அதிகமாகவும் வேகமான அசைவைக் குறைவாகவும் மழுப்பும். நிரல் சில வரிகள்தான், இலவசமாகவே கிடைக்கும்.

என்ன செய்தாலும் கை அவ்வப்போது தவறும். தவறிய கணமே ஒலியை வெட்டாமல், கடைசி அளவை அரை வினாடி பிடித்துவைத்துப் பிறகு மெல்லக் குறையுங்கள். அதற்குள் கை திரும்பிவிட்டால், தவறியதே யாருக்கும் தெரியாது.