டிரங்குப் பெட்டி நிறைய மனுக்கள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பள்ளி விட்டதும் திண்ணையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக்கொடுப்பார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு, எதற்கும் அவரிடம்தான் வருவார்கள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குக் கூடவே போவதும் உண்டு. ஒருமுறை குடிநீர் விஷயத்தில் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டார். தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அவருக்காக ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன மாசியில் அப்பா தவறிவிட்டார். அந்த மனுக்களின் கார்பன் நகல்கள் டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய பேப்பர் கடையில் போட்டுவிடு என்கிறார் அம்மா. அப்பா பாடுபட்டதெல்லாம் வீண்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

‘ஒருவரும் வாய் திறக்கவில்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு செப்டிமா கிளார்க் ஞாபகம் வந்தார். அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்தில் 1898-ல் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா அடிமையாகப் பிறந்தவர். அம்மா துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர்.

1916-ல், 18 வயதில், ஜான்ஸ் தீவில் ஆசிரியையானார். நகரத்தின் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். தீவுப் பள்ளியில் 132 பிள்ளைகள், இரண்டே ஆசிரியைகள். இருவருக்கும் சேர்த்து மாதம் 60 டாலர். அருகில் இருந்த வெள்ளையர் பள்ளியில் 3 பிள்ளைகள், அங்கே ஆசிரியைக்கு 85 டாலர். கரும்பலகை இல்லாததால் சலவைக்கடை காகிதப் பைகளில் பாடம் எழுதி மாட்டினார். இரவில் பெரியவர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தார். பிறகு சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி, அந்தத் தடையை நீக்கக் கோரும் மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1920-ல் நகரத்துப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களுக்குத் திறந்தன.

இனி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் போன்ற கதை. கறுப்பின உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் அரசு ஊழியர்கள் இருக்கக் கூடாது என்று 1956-ல் மாநிலம் சட்டம் போட்டது. செப்டிமா உறுப்பினர் அட்டையை மறைக்கவில்லை. 40 வருட வேலை போனது, ஓய்வூதியமும் போனது. இந்தச் சட்டத்தை எதிர்க்கச் சொல்லி, சக கறுப்பின ஆசிரியர்கள் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதினார். 26 பேர் பதில் போட்டார்கள். பள்ளி அதிகாரியைப் பார்க்க வருவதாக 11 பேர் சொன்னார்கள். அன்றைக்கு வந்தது 5 பேர். அவருடைய மகளிர் சங்கத் தோழிகள் அவருக்காக ஒரு விருந்து வைத்தார்கள், ஆனால் கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒருத்தியும் வரவில்லை. வேலை போய்விடுமே!

நானாக இருந்தால் அத்தோடு ஊரைச் சபித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். செப்டிமா இதைத் தன் தோல்வி என்றுதான் பிற்காலத்தில் சொன்னார். அவர்கள் தயாராகும் முன்பே அவர்களைத் தள்ளப் பார்த்தேன் என்பது அவர் கணக்கு. தேர்வில் வகுப்பே தோற்றால் பாடம் எடுத்த விதத்தைச் சந்தேகிக்கும் வாத்தியார் புத்தி அது. அப்புறம் அவர் செய்ததையெல்லாம் இதை வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்போது தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. 1957 ஜனவரியில் அதே ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கான இரவுப் பள்ளி தொடங்கியது. முன்னால் கடை இருந்ததால் வெள்ளையர் கண்ணில் படவில்லை. முதல் நாள் 14 பேர். பாடம் நடத்த செப்டிமா ஆசிரியர் யாரையும் தேடவில்லை. பெர்னீஸ் ராபின்சன் என்ற உறவுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டார், அழகுக்கலை நிலையம் வைத்திருந்தவர். வாத்தியார் வந்தால் பெரியவர்களையும் பிள்ளைகளாக நடத்திவிடுவார் என்ற பயம்! நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவருக்கு இது தெரிந்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பெர்னீஸும் சின்னப்பிள்ளைப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அதுதான் பாடத்திட்டம். அட்டையில் எழுதிய பெயரின் மேலேயே விரலை ஓட்டி ஓட்டிக் கையெழுத்துப் பழகினார்கள். அந்தப் பள்ளிகள் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின, அங்கே படித்தவர்களே அடுத்த ஊரில் ஆசிரியரானார்கள்.

ஓய்வூதியம் 1976-ல் திரும்பக் கிடைத்தது. எழுபதைத் தாண்டிய வயதில், ஒருகாலத்தில் தன்னை நீக்கிய ஊரின் பள்ளி வாரியத்துக்கே தேர்தலில் நின்று உறுப்பினரானார். 1987-ல் இறந்தார்.

சரி, உங்கள் கேள்வி. ஒரு மூதாட்டிக்கு உதவித்தொகை கிடைத்தது என்றால் அது கிடைத்ததுதான், மாற்றல் உத்தரவு வந்து அதைத் திரும்ப வாங்கிவிட முடியாது. ஆனால் மனு எழுதிக்கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எழுதிக்கொடுப்பவர் நல்லவராக இருக்க இருக்க, ஊர் பேனாவைத் தொடாமலே இருந்துவிடும். அவருக்கு ஒன்று என்றால் அவருக்காக மனு எழுத ஆள் இருக்காது. உங்கள் அப்பா விஷயத்தில் அப்படித்தான் ஆனதா என்று எனக்குத் தெரியாது.

பெட்டியைப் பேப்பர் கடைக்கு அனுப்பாதீர்கள். நகல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். எல்லாம் அப்பாவின் எழுத்துதானா, போகப் போக வேறு யாருடைய கோணல் எழுத்தாவது நடுவில் வருகிறதா? வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.