‘காயின்ஸ்’ முறையில் வைத்தும் நாணயம் கிடைக்கவில்லையே? மெட்டல் டிடெக்டர்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மெட்டல் டிடெக்டரின் தேடல் முறைகளைப் பற்றியவை; அதாவது எந்த உலோகத்துக்கு ஒலிப்பது, எதை ஒதுக்குவது என்ற அமைப்புகள். கருவியை வாங்கிய முதல் மாதத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: காரெட் ஏஸ் 250 வைத்திருக்கிறேன். ‘காயின்ஸ்’ முறையில் வைத்துப் பூங்கா முழுக்க நடந்தாலும் நாணயம் கிடைப்பது அரிது. எதையும் ஒதுக்காத ‘ஆல் மெட்டல்’ முறைக்கு மாற்றினால் அதே இடத்தில் 25 சென்ட் நாணயங்கள் வருகின்றன. கருவியில் பழுதா? (ரொறன்ரோ வாசகர்)

பதில்: பழுது எதுவும் இல்லை. அது டெக்சஸில் உள்ள நிறுவனத்தின் கருவி. அதன் ‘காயின்ஸ்’ முறை அமெரிக்க நாணயங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. உங்கள் பூங்காவில் விழுந்து கிடப்பவையோ கனடா நாணயங்கள்.

நாணயம் எது, ஆணி எது என்று கருவிக்குத் தெரியாது. அது மண்ணுக்குள் மாறும் காந்தப்புலம் ஒன்றைச் செலுத்துகிறது. உலோகத்தில் அதனால் எழும் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளியும் செம்பும் அளவுகோலின் ஒரு முனையில் நிற்கின்றன. இரும்பு மறுமுனையில் நிற்கிறது. அலுமினியத் தாள், மெல்லிய தங்கம், பான டப்பாவின் இழுப்பு வளையம் எல்லாம் இடையில். ‘காயின்ஸ்’ முறை இரும்பையும் இடைப்பகுதியில் பெரும்பங்கையும் ஊமையாக்கிவிடுகிறது.

கனடாவின் 25 சென்ட் நாணயம் 2000 முதல் முலாம் பூசிய எஃகு. அதற்கு முன் 1968 முதல் 1999 வரை நிக்கல். அதுவும் காந்தத்தில் ஒட்டும். ஆகவே திரையில் இவற்றுக்கான குறி நிலையாக நிற்காமல் தாவும், பல சமயம் இரும்பின் பக்கம் போய் விழும். அதை நீங்களே ஊமையாக்கி வைத்திருக்கிறீர்கள். 1920 முதல் 1966 வரை வந்த 25 சென்ட் நாணயங்களில் 80 விழுக்காடு வெள்ளி. அவை ‘காயின்ஸ்’ முறையிலும் கணீரென்று ஒலிக்கும்.

உங்கள் பையில் இருக்கும் சில்லறையை இரும்பு இல்லாத ஒரு புல்தரையில் ஓரடி இடைவெளியில் பரப்புங்கள். பக்கத்தில் ஓர் ஆணி, ஒரு சோடா மூடி, ஓர் இழுப்பு வளையம். ‘ஆல் மெட்டல்’ முறையில் ஒவ்வொன்றின் மேலும் காயிலை (தண்டின் நுனியிலுள்ள தேடுசுருள்) ஓட்டி, திரையில் குறி எங்கே நிற்கிறது, ஒலி எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ‘கஸ்டம்’ முறையில் உங்களுக்கு வேண்டிய கட்டங்களை மட்டும் திறந்து வையுங்கள். அணைத்துப் போட்டாலும் கருவி அதை நினைவில் வைத்திருக்கும். கையேட்டை எத்தனை முறை படித்தாலும் இந்த ஒரு மணிநேரப் பயிற்சிக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மனைவியின் திருமண மோதிரம் தோட்டத்துப் புல்லில் விழுந்துவிட்டது. வாடகைக்குக் கருவி எடுக்கப் போகிறேன். ‘ஜுவல்லரி’ முறைதானே சரி? (சிட்னி வாசகர்)

பதில்: முதலில், கிடைக்கும்வரை புல்லை வெட்டாதீர்கள். வெட்டும் இயந்திரம் மோதிரத்தை எங்கே வீசும் என்று சொல்ல முடியாது.

‘ஜுவல்லரி’ முறை பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் இது உங்கள் சொந்தத் தோட்டம், சிறிய இடம்; எதையும் ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை. ‘ஆல் மெட்டல்’ முறையில் தேடுங்கள். தங்கத்துக்கு என்று திரையில் காட்டும் ஒரே எண் கிடையாது. மோதிரத்தின் பருமன், சுற்றளவு, காரட் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. மெல்லிய 18 காரட் மோதிரம் சாக்லேட் சுற்றிய தாளோடு ஒரே இடத்தில் காட்டும். தாள் வேண்டாம் என்று ஒதுக்கினால் மோதிரமும் அதோடு போய்விடும்.

அதே பருமனில் வேறொரு மோதிரத்தைப் புல்லில் போட்டு, அதன் ஒலியை முதலில் காதுக்குப் பழக்குங்கள். பிறகு கயிறு கட்டித் தோட்டத்தைப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். மோதிரம் மேலோட்டமாகத்தான் கிடக்கும். ஆகவே உணர்திறனைக் குறைத்து வைத்தால் ஆழத்திலிருக்கும் குப்பை தொல்லை தராது. கைபேசியை வீட்டில் வைத்துவிடுங்கள். எஃகு முனை வைத்த காலணியும் வேண்டாம்.

தொலைந்தது மெல்லிய சங்கிலியாக இருந்தால் வேலை கடினம். கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனி நுண்துணுக்காகவே உணரும். பதக்கமோ கொக்கியோதான் ஒலி கொடுக்கும். அதைக் குறிவைத்து மிக மெதுவாகப் போங்கள்.

கேள்வி: மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 வாங்கினேன். பென்டிகோ பக்கம் போய் ‘கோல்டு’ முறையில் தேடினால் தங்கம் மட்டும் ஒலிக்கும் என்று நினைத்தேன். ஆணியும் ஈயக் குண்டுமாக வருகிறதே? (மெல்பர்ன் வாசகி)

பதில்: அப்படித்தான் வரும். ‘கோல்டு’ முறை தங்கத்தைப் பிரித்துக் காட்டுவதற்கானது அல்ல. கடுகளவு உலோகத்தையும் தவறவிடாத அளவுக்குக் கூர்மையாக்கப்பட்ட முறை அது. மல்டியில் (பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் நிலை) மட்டுமல்லாமல் 20, 40 கிலோஹெர்ட்ஸ் தனி அதிர்வெண்களிலும் ஓடும். சிறு துணுக்கு உயர்ந்த அதிர்வெண்ணுக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். விக்டோரியாவின் அந்த மண்ணில் இரும்புக் கனிமம் அதிகம். ஆகவே காயிலை ஏற்றி இறக்கி மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்யும் வேலையை இடம் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்யுங்கள். ஒலிப்பதையெல்லாம் தோண்டுங்கள். 1980-இல் கிங்கோவர் அருகே கிடைத்த 27 கிலோ ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ தங்கக்கட்டி நிலத்துக்குச் சுமார் 30 செ.மீ. கீழேதான் இருந்தது. மைனர்ஸ் ரைட் எனப்படும் தங்கம் தேடும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அது இருந்தாலும் எல்லா நிலத்திலும் தேட முடியாது.

கேள்வி: கடற்கரையில் காய்ந்த மணலில் அமைதியாக இருக்கும் கருவி, ஈர மணலுக்குப் போனதும் ஓயாமல் கத்துகிறது. (பெர்த் வாசகர்)

பதில்: உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈர மணல் முழுவதையும் கருவி ஒரு பெரிய உலோகமாகவே எண்ணிக்கொள்கிறது. ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவிக்கு இதிலிருந்து முழு விடுதலை இல்லை. பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவியால் உப்பின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். ஈக்வினாக்ஸின் ‘பீச்’ முறையில் தனி அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கவே இயலாது என்பதற்குக் காரணம் இதுதான். உங்களிடம் இருப்பது எதுவானாலும் உணர்திறனைக் குறையுங்கள்; காயிலை மணலிலிருந்து ஒரே உயரத்தில் வையுங்கள். காயிலை நீர்க்கரைக்கு இணையாக வீசினால் ஒரே வீச்சில் ஈரமும் காய்ந்ததும் கலந்து வராது. பாதிக் கூச்சல் அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: ‘பின்பாயிண்ட்’ எதற்கு? தோண்டினால் எப்போதும் குழிக்கு வெளியே இருக்கிறது பொருள். (லெஸ்டர் வாசகர்)

பதில்: பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதற்கு. மற்ற முறைகளில் காயில் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் ஒலிக்கும். ‘பின்பாயிண்ட்’ முறையில் அசையாமல் நின்றாலும் ஒலிக்கும். உலோக வகையையும் பிரிக்காது. பொருளுக்குச் சற்றுத் தள்ளிக் காயிலை நிலத்தருகே வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, ஒலி உச்சத்தில் இருக்கும் கோடுகள் வெட்டும் இடத்தைப் பாருங்கள். ஒலி அகலமாகப் பரவினால் பெரும்பாலும் டப்பா அல்லது குழாய்.

கேள்வி: சஃபோக்கில் ஒரு விவசாயி தம் வயலில் தேட அனுமதித்திருக்கிறார். எங்கு பார்த்தாலும் ஆணிதான். இரும்பை ஒதுக்கிவிடலாமா? (இப்ஸ்விச் வாசகி)

பதில்: ஒலியை ஒதுக்கலாம். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மெல்லிய வெள்ளிக் காசு அதோடு மறைந்துவிடக் கூடாது. ஈக்வினாக்ஸ் வகையில் ‘ஃபீல்டு 2’ முறையும் உயர்த்திய ரெகவரி ஸ்பீடும் இதற்கு உதவும். ஒரு பொருளின் ஒலி முடிந்து அடுத்ததைக் கேட்கும் இடைவெளி குறையும். ஆழம் கொஞ்சம் இழப்பீர்கள், பரவாயில்லை. சிறிய காயில் கிடைத்தால் மாட்டுங்கள். ஆணிகளுக்கு நடுவே ஒரு திசையில் மட்டும் இனிமையாக ஒலித்தால், அந்த இடத்தைச் சுற்றி நடந்து மறுதிசையிலும் கேளுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே உள்ள ஹாக்ஸன் ஊரில் 1992 நவம்பரில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவருக்கு ரோமானியப் புதையல் கிடைத்தது: 14,865 நாணயங்கள், கூடவே தங்க, வெள்ளிப் பொருட்கள். அவர் தொடர்ந்து தோண்டாமல் தகவல் சொன்னார். அதனால்தான் புதையல் இருந்த பெட்டிக்குள் எது எதன் மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை தொல்லியலாளர்களால் பதிவு செய்ய முடிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த நிகழ்வு அது. இன்று 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் கொரோனருக்கு (புதையல்களை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். விவசாயியோடு பங்கு பற்றி எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியைக் கொண்டுபோய்ப் பழைய கோட்டை அருகே தேடலாமா? ‘ரெலிக்ஸ்’ (பழம்பொருட்கள்) முறை போதுமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற இடங்களில் கிடைப்பதற்கும் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதே ஆய்வாளருக்குக் காலத்தைச் சொல்கிறது. பிடுங்கி எடுத்தால் அந்தச் சான்று அழிந்துவிடும். ஊரில் உறவினர் வீட்டு முற்றத்தில் யாராவது கம்மலைத் தொலைத்திருந்தால் மகிழ்ச்சியாகத் தேடிக் கொடுங்கள். அதற்கு ‘ஆல் மெட்டல்’ போதும்.